வீடியோவில் வரும் சீப்புக் கோடு: எந்தக் கட்டத்தில் எடுப்பது, எதால் எடுப்பது

தவில்காரரின் விரல்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கெட்டிமேளம் கொட்டும் நேரம் கமரா அவர் பக்கம் திரும்புகிறது. விரல்களின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி மெல்லிய கிடைக்கோடுகள். மாப்பிள்ளை அசையாமல் இருக்கும் காட்சியில் அவை இல்லை. அறுகரிசி போட ஒருவர் கையை நீட்டினால் திரும்பவும் வருகின்றன. எடிட் செய்யும்போது சின்ன முன்னோட்டத் திரையில் கண்ணில் படாமல் போனது, ரெண்டர் முடித்து ரொறன்ரோவுக்கு லிங்க் அனுப்பிய பிறகு, "என்ன தம்பி, கோடு கோடாய்க் கிடக்கு" என்று வட்ஸ்அப்பில் திரும்பி வரும்.

இதற்கு எந்த சொஃப்ட்வெயர் நல்லது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். வழிகள் ஐந்தாறு இருக்கின்றன, இலவசமானவையும் காசு கொடுத்து வாங்குபவையும். ஆனால் எதைத் தெரிவு செய்தாலும், வேலையின் எந்தக் கட்டத்தில் அதைச் செய்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. படத்தைப் பெரிதாக்கிய பிறகு கோடு எடுக்கப் போனால் எவ்வளவு திறமான கருவியும் ஒன்றும் செய்யாது.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலை இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மூடியது. அந்த இடைக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கையில் சின்னக் கமராவோடு வந்தார்கள். கலியாண வீடு, சாமத்திய வீடு, நல்லூர்த் தேர், ஊர் வீட்டு முற்றம் எல்லாம் மினி-டிவி (MiniDV) என்ற சின்ன டிஜிற்றல் கசெற்றில் ஏறின. அதற்கு முந்தியவை வி.எச்.எஸ். கசெற்றில். பிறகு வந்த ஏ.வி.சி.எச்.டி. என்ற எச்.டி. வகைக் கமராக்களிலும் 1080 இன்டர்லேஸ் என்ற செற்றிங்கிலேயே எடுத்தவர்கள் பலர். இப்போது பிள்ளைகள் அவற்றைத் தேடி எடுத்து, வெட்டி ஒட்டி, யூரியூப்பில் போடக் கேட்கிறார்கள்.

காரணம் சுருக்கமாக இதுதான். எங்கள் நாட்டின் பால் (PAL) என்ற ரிவி முறையில் வினாடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் 576 கோடுகள். ஆனால் இன்டர்லேஸ் கமரா ஒரு ஃபிரேமை ஒரே தரத்தில் எடுப்பதில்லை. ஒன்றுவிட்ட 288 கோடுகளை முதலிலும், மிச்ச 288 கோடுகளை 1/50 வினாடி கழித்தும் எடுக்கிறது. இந்த ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்ட் என்று பெயர். பழைய குழாய் ரிவி அவற்றை அதே ஒழுங்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியது. கண்ணுக்கு வினாடிக்கு 50 அசைவு கிடைத்தது. இன்றைய போனும் எல்.சி.டி. திரையும் முழு ஃபிரேமையும் ஒன்றாகவே காட்டும். அந்த 1/50 வினாடிக்குள் கை நகர்ந்துவிட்டதால் இரண்டு பாதியும் பொருந்தாமல் ஓரத்தில் பல் பல்லாகத் தெரிகிறது.

எந்தப் பிழை என்று முதலில் பாருங்கள்

கோடு என்று சொல்லி வருபவை எல்லாம் ஒரே பிழை அல்ல. அசையும் ஓரங்களில் மட்டும், ஒரு பிக்சல் உயரத்தில் ஒழுங்கான கோடுகள் இருந்தால் அது சாதாரண இன்டர்லேஸ் கோடு, வடிவாக எடுக்கலாம். கோடுகள் தடித்து, அலை அலையாக, சில இடத்தில் மங்கியும் சில இடத்தில் கூர்மையாகவும் இருந்தால், கோடு எடுக்காமலேயே யாரோ அளவை மாற்றிவிட்டார்கள். ஓடும் பிள்ளை ஒவ்வொரு அடிக்கும் முன்னே போய்ப் பின்னே வருவது போல் துடித்தால் ஃபீல்ட் ஒழுங்கு தலைகீழாகியிருக்கிறது. ஒரு கைக்குப் பதில் இரண்டு மங்கிய கைகள் தெரிந்தால், இரண்டு ஃபீல்டையும் கலந்து விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. கனடாவிலிருந்து கொண்டு வந்த கமராவால் இங்கே மண்டபத்துக்குள் எடுத்த காட்சியில் வெளிச்சம் துடிக்கும். அது 60-க்கு அமைந்த கமராவும் எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் ரியூப் லைற்றும் ஒத்துப்போகாத பிரச்சினை. டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது கோடு எடுத்து, அதைத் திருத்த முடியாது, வீணாக மினக்கெட வேண்டாம்.

பார்க்கும்போது வி.எல்.சி. பிளேயரை அப்படியே நம்பவும் கூடாது. இன்டர்லேஸ் என்று பைல் சொன்னால் அது தானாகவே கோட்டை எடுத்துக் காட்டும். ஆங்கில 'டி' விசையை அழுத்தி அந்த வசதியை நிறுத்திவிட்டு, 'ஈ' விசையால் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் உண்மை தெரியும். மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவி, பைல் இன்டர்லேஸா புரோகிரஸிவா (பாதி பாதியாக இல்லாமல் முழு ஃபிரேமாக இருப்பது), எந்த ஃபீல்ட் முதலில் என்று எழுதிக் காட்டும். மினி-டிவியில் கீழ் ஃபீல்ட் முதல், எச்.டி.வி. (எச்.டி. கசெற் வகை), ஏ.வி.சி.எச்.டி. இரண்டிலும் மேல் ஃபீல்ட் முதல். வி.எச்.எஸ். கசெற்றை எந்தப் பெட்டியால் கொம்பியூட்டரில் ஏற்றினீர்களோ அதைப் பொறுத்தது. ஆனால் மீடியாஇன்ஃபோ வாசிப்பது பைலில் ஒட்டியிருக்கும் குறிப்பைத்தான். கோடு நிறைந்த பைலுக்குப் புரோகிரஸிவ் என்று குறிப்பு ஒட்டியிருப்பதும் உண்டு. மறுவளமாக, சில கமராக்கள் 25 முழு ஃபிரேமை இன்டர்லேஸ் உறைக்குள் போட்டு வைக்கும். அதை டீஇன்டர்லேஸ் செய்தால் இருந்த தெளிவும் போய்விடும். கண்ணால் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

அப்படியே விட்டுவிடுவது

முதல் வழி, ஒன்றுமே செய்யாமல் தொடக்கத்திலிருந்து கடைசி வரை இன்டர்லேஸாகவே வைத்திருப்பது. டிவிடி கேட்பவர்களுக்கும், ரிவி ஒளிபரப்புக்குக் கொடுப்பவர்களுக்கும் இதுதான் சரி. டிவிடி 720க்கு 576 அளவில் இன்டர்லேஸ் படத்தை அப்படியே ஏற்கும். கோட்டை எடுக்கும் வேலையைப் பிளேயரோ ரிவியோ பார்த்துக்கொள்ளும், அசைவும் வினாடிக்கு 50 என்று முழுதாகக் கிடைக்கும். ரைம்லைன், ரெண்டர் இரண்டிலும் மூலப் பைலின் ஃபீல்ட் ஒழுங்கையே வைக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. மினி-டிவிக்கு ஏ.வி.சி.எச்.டி. ரைம்லைனைத் திறந்துவிட்டால் அங்கேயே ஒழுங்கு மாறித் துடிப்பு தொடங்கும். படத்தைப் பெரிதாக்கி வெட்டுவது, மெதுவாக ஓட விடுவது போன்றவற்றை இதில் குறைத்துக்கொள்வது நல்லது. போனில் பார்ப்பவர்களுக்கு இந்த வழி சரிவராது.

எடிட்டருக்குள்ளேயே எடுப்பது

அநேகர் செய்வது இதுதான், அநேகர் அகப்படுவதும் இதில்தான். வேகாஸ் என்ற எடிட்டரில் புரொஜெக்ட் செற்றிங்கில் டீஇன்டர்லேஸ் முறை என்று ஒரு வரி இருக்கிறது. அதில் 'ஒன்றுமில்லை' என்று இருந்தால், புரோகிரஸிவ் என்று ரெண்டர் கொடுத்தாலும் இரண்டு பாதியையும் அப்படியே ஒட்டி, கோட்டோடு பைலைத் தந்துவிடும். ரெண்டருக்குப் பிறகுதான் கோடு வந்தது என்று சொல்லும் பலருக்கு விடை அந்த வரியில் கிடக்கிறது.

மற்றத் தெரிவுகளில் 'கலப்பது' கோட்டை மறைத்து நிழலைத் தரும். வாழ்த்துரை வாசிப்பவர் நின்ற இடத்திலேயே நிற்பதால் அங்கே தெரியாது. நடனத்தில் விரல்கள் பத்துக்குப் பதில் இருபதாகத் தெரியும். 'இடைநிரப்புவது' ஒரு ஃபீல்டை எறிந்துவிட்டு, மிச்ச 288 கோட்டிலிருந்து 576-ஐ ஊகிக்கிறது. அசைவு சுத்தமாக வரும், தெளிவு குறையும். இரண்டில் ஒன்று என்றால் நான் இடைநிரப்புவதைத்தான் சொல்வேன். பிரீமியரில் புரோகிரஸிவ் சீக்வென்ஸில் இன்டர்லேஸ் கிளிப்பைப் போட்டாலும் நடப்பது ஏறக்குறைய இதுவே. அங்கே கிளிப்பின் ஃபீல்ட் தெரிவுகளில் 'எப்போதும் டீஇன்டர்லேஸ் செய்' என்பதும், ஒழுங்கைத் திருப்புவதும் இருக்கின்றன.

எடிட்டரின் வழி கெதியானது, தனியாக ஒரு பைல் உண்டாக்கத் தேவையில்லை. நாளைக்குக் கொடுக்க வேண்டிய வேலை, பேச்சுகள் நிறைந்த நினைவஞ்சலிக் கூட்டம், போனில் ஒரு தரம் பார்த்துவிட்டு மறக்கும் துண்டு, இவற்றுக்குப் போதும். ஒரு குடும்பத்திடம் இருக்கும் ஒரே கலியாணக் கசெற்றுக்கு இதைப் பாவிக்க எனக்கு மனம் வராது.

எடிட்டுக்கு முன்பே எடுப்பது

எனக்கு நாளாந்த வேலைக்குப் பொருத்தமாகப் படுவது இது. மூலப் பைலை எடிட்டருக்குள் கொண்டுபோக முன்பே கோட்டை எடுத்து, புரோகிரஸிவ் பைலாக்கி, அதை வைத்து எடிட் செய்வது. ஹேண்ட்பிரேக் என்ற பைல் மாற்றும் கருவி இலவசம். அதன் ஃபில்ரர் பக்கத்தில் யாடிஃப், பிடபிள்யூடிஃப், டீகோம்ப் என்று தெரிவுகள் இருக்கும். இருந்தால் பிடபிள்யூடிஃப்பை எடுங்கள். யாடிஃப்பை விட ஓரங்கள் கொஞ்சம் சுத்தமாக வரும். டீகோம்ப், கோடு கண்ட ஃபிரேமை மட்டும் தொட்டு மற்றதை விட்டுவிடும். புரோகிரஸிவும் இன்டர்லேஸும் கலந்து கிடக்கும் பைலுக்கு நல்லது.

இங்கே கவனிக்க வேண்டியது 'பொப்' என்ற தெரிவு. அதைப் போடாவிட்டால் இரண்டு ஃபீல்டிலிருந்து ஒரு ஃபிரேம், அதாவது வினாடிக்கு 25. போட்டால் ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு முழு ஃபிரேமாகி வினாடிக்கு 50 வரும். ஃபிரேம் வீதத்தையும் 50 என்றும் மாறாதது என்றும் குறித்துவிடுங்கள். கசெற்றில் உண்மையாகவே 50 கணங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பாதியை எறிய என்ன காரணம்? சினிமாச் சாயல் வேண்டும் என்று 25-க்கு இறக்குபவர்கள் இருக்கிறார்கள். அரங்கேற்றத்தில் தீர்மானம் ஆடும் கால்களை 25-இலும் 50-இலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பார்த்துப் பழகிய அம்மாமார் 50-ஐத்தான் காட்டுவார்கள். மணப்பெண் வலது காலை எடுத்து வைத்து வரும் இடத்தை மெதுவாக ஓட விட வேண்டுமா? 50 ஃபிரேமை 25-இல் ஓட விட்டால் இடையில் எதையும் புனையாமல் பாதி வேகம் கிடைக்கும்.

ஹேண்ட்பிரேக் தருவது சுருக்கப்பட்ட பைல். எடிட் செய்து திரும்பவும் ரெண்டர் பண்ணப்போவதால் தர அளவை உயர்த்தி வையுங்கள். அங்கே எண் குறையக் குறையத் தரம் கூடும், 16-க்குக் கிட்ட இருந்தால் நல்லது. இன்னும் மினக்கெட முடிந்தால் ஷட்டர் என்கோடர் என்ற இலவசக் கருவியால் புரோரெஸ் (எடிட்டுக்கென்று குறைவாகச் சுருக்கும் பைல் வகை) ஆக்கலாம். பைல் மிகப் பெரிதாக வரும், எடிட்டர் இலேசாக ஓடும்.

சிவப்பு நிறத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பால் மினி-டிவியில் நிறத் தகவல், வெளிச்சத் தகவலின் கால் பங்குதான்; அதுவும் ஃபீல்ட் ஃபீல்டாகப் பதிவாகியிருக்கும். இன்டர்லேஸ் என்று தெரியாமல் ஒரு கருவி அதை விரித்தால், உருவத்தின் ஓரம் சுத்தமாக இருக்கும்போதே நிறத்தின் ஓரம் படிப்படியாக உடைந்து நிற்கும். கூறைச் சேலையின் சிவப்புக் கரையில் இது முதலில் தெரியும். கோட்டை எடுத்த பிறகும் சேலையில் மட்டும் பல் பல்லாக இருக்கிறது என்றால், எங்கோ இடையில் ஒரு கட்டம் பைலைப் புரோகிரஸிவ் என்று எண்ணிக் கையாண்டிருக்கிறது.

கியூரிஜிஎம்சி

தரத்தில் இதை மிஞ்ச இலவசமாக ஒன்றும் இல்லை. கட்டளை எழுதி வீடியோவைக் கையாளும் அவிசின்த் அல்லது வேபர்சின்த்தில் ஓடும் கோடு எடுக்கும் ஸ்கிரிப்ட் இது. நேரடியாக எழுதப் பயமாக இருந்தால் ஹைபிரிட், ஸ்ராக்ஸ்ரிப் போன்ற முகப்புகளுக்குள் பெட்டியில் சரி அடையாளம் போட்டே பாவிக்கலாம். யாடிஃப் இனத்துக் கருவிகள் பக்கத்துக் கோடுகளையும் முன்பின் ஃபீல்டையும் பார்த்து இடைவெளியை நிரப்புகின்றன. இதுவோ எந்தப் பொருள் எந்தத் திசையில் நகர்ந்தது என்று பின்தொடர்ந்து, அந்த அசைவுக்கேற்ப முன்பின் ஃபீல்டுகளிலிருந்து உண்மையான கோட்டைக் கொண்டுவந்து பொருத்துகிறது.

வித்தியாசம் தெரியும் இடம் கோபுரம். நல்லூர்க் கோபுரத்தின் தட்டுத் தட்டான கிடை வரிகளை இன்டர்லேஸ் கமராவால் எடுத்து மலிவாகக் கோடு எடுத்தால், கோபுரம் அசையாமலே வரிகள் மினுங்கி மினுங்கித் துள்ளும். ஒரு ஃபீல்டில் இருந்த மெல்லிய வரி அடுத்த ஃபீல்டில் இல்லை, அதனால்தான். கியூரிஜிஎம்சி நேரத்தின் வழியே அதை மெழுகி நிறுத்திவிடும். அதே மெழுகல் வி.எச்.எஸ். இரைச்சலையும் குறைக்கும், பழைய கசெற்றுக்கு அது லாபம். நல்ல வெளிச்சத்தில் எடுத்த மினி-டிவியில் சில நேரம் தோலும் பட்டும் கொஞ்சம் அதிகமாக வழுவழுக்கும். அப்போது வேகப் படியை (எவ்வளவு மெதுவாக, நுணுக்கமாக ஓட வேண்டும் என்ற தெரிவு) மாற்றாமல் இரைச்சல் குறைப்பை இறக்கிப் பாருங்கள்.

விலை நேரத்தில் இருக்கிறது. சாதாரண கொம்பியூட்டரில் ஒரு மணி நேரக் கசெற்றுக்குப் பல மணி நேரம் போகும். மிக மெதுவான படியைப் போட்டால் இரவு முழுக்க ஓடும். மின்சாரம் நின்றால் பாதிப் பைல் கையில். அதனால் கசெற்றைப் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி வரிசையில் போடுவது புத்தி, யூ.பி.எஸ். இருந்தாலும்கூட. மிக மெதுவான படிகளுக்கும் நடுப் படிக்கும் உள்ள வித்தியாசம் ஓடும் படத்தில் பெரும்பாலும் தெரியாது.

செயற்கை நுண்ணறிவால் கோடு எடுக்கும் கட்டணக் கருவிகளும் இருக்கின்றன, டோபாஸ் மாதிரி. பிரமிக்க வைக்கும் முன்னோட்டம் காட்டும். நல்ல கிராபிக்ஸ் அட்டை இல்லாமல் சரிவர ஓடாது. என் தயக்கம் காசைப் பற்றியது மட்டுமல்ல: தூரத்தில் சின்னதாகத் தெரியும் முகங்களுக்கு அது கண்ணும் மூக்கும் புனைகிறது. பந்தியில் இருந்த பெரியப்பா வேறு யாரோ போல் ஆகிவிட்டால் அந்தத் தெளிவால் என்ன பயன்? மரங்கள், கட்டடங்கள், கிட்ட எடுத்த முகங்கள் என்றால் ஒரு துண்டில் பரீட்சித்துப் பார்க்கலாம்.

அளவு, யூரியூப், கனடாக் கசெற்

ஒழுங்கு இதுதான்: கோடு எடுப்பது, பிறகு அளவு மாற்றுவது, பிறகு எடிட். யூரியூப் வினாடிக்கு 50 ஃபிரேமை 720 உயரத்திலிருந்துதான் காட்டும். 576-ஆகவே ஏற்றினால் மினக்கெட்டு எடுத்த 50-உம் 25 ஆகிவிடும். ஆகவே கோடு எடுத்த பிறகு 4:3 படத்தை 960க்கு 720 அல்லது 1440க்கு 1080 ஆகப் பெரிதாக்குங்கள். பக்கங்களில் கறுப்பு வந்தால் வரட்டும். திரை நிரம்ப வேண்டும் என்று இழுத்தால் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள், வெட்டினால் தலைப்பாகை போய்விடும். இன்டர்லேஸாகவே ஏற்றி யூரியூப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது சரியல்ல. ஏற்றுமுன் டீஇன்டர்லேஸ் செய்யும்படி அவர்களே கேட்கிறார்கள்.

கனடாவிலிருந்து வந்த கசெற் வேறு கணக்கு. அது என்.ரி.எஸ்.சி.: 480 கோடு, வினாடிக்கு 29.97 ஃபிரேம். லண்டன், பாரிஸ், சூரிச் கமராக்கள் எங்களைப் போல் பால். ஒரே கலியாணத்தை மாமா கனடாக் கமராவாலும் ஸ்ருடியோ இங்கத்தைய கமராவாலும் எடுத்திருந்தால், இரண்டையும் இன்டர்லேஸாகவே ஒரே ரைம்லைனில் போடாதீர்கள். ஃபீல்டுகள் ஒன்றோடொன்று கலந்து, பிறகு பிரிக்க முடியாத குழப்பமாகும். கனடாப் பைலைத் தனியே வினாடிக்கு 59.94 ஃபிரேமாகக் கோடு எடுத்து, பிறகு 50 ரைம்லைனுக்குள் கொண்டு வாருங்கள். கமரா நகரும் இடங்களில் சின்னத் துள்ளல் மிஞ்சும். அந்த இடங்களுக்கு மற்றக் கமராவின் காட்சியை வைத்து வெட்டலாம்.

ஏற்கனவே கோட்டோடு ரெண்டர் ஆன பைல் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதன் அளவைப் பாருங்கள். மூலத்தின் 576 அல்லது 1080 மாறாமல் இருந்தால் வழி உண்டு: புரோகிரஸிவ் என்ற குறிப்பை மீறி, ஃபீல்ட் ஒழுங்கை நீங்களே சொல்லி ஹைபிரிட்டில் ஓட விடலாம். சுருக்கத்தில் கோடுகள் கொஞ்சம் சிதைந்திருக்கும், என்றாலும் பெரும்பகுதி மீளும். அளவு மாறியிருந்தாலோ ஃபீல்டுகள் கலந்திருந்தாலோ மூலக் கசெற்றைத் தேட வேண்டியதுதான். மினி-டிவி என்றால் பயர்வயர் (கமராவைக் கொம்பியூட்டரோடு நேரே இணைக்கும் டிஜிற்றல் வயர்) வழியாக எடுங்கள். கசெற்றில் இருந்த எண்கள் அப்படியே வரும், மணிக்குச் சுமார் 13 ஜிபி. மஞ்சள் வயரால் எடுத்து எச்.டி.எம்.ஐ. ஆக்கும் சின்னப் பெட்டிகளைத் தவிருங்கள். அவை தாமே மலிவாகக் கோட்டை எடுத்து, அளவையும் மாற்றி, உங்களிடம் தெரிவே இல்லாமல் செய்துவிடும்.

பென் டிரைவில் போட்டு ரிவியில் பார்க்கக் கேட்பவர்களுக்கு 1080 உயரத்தில் 50 ஃபிரேம் கொடுக்க ஆசை வரும். பழைய ரிவிகள் சில அதைத் திணறித் திணறித்தான் ஓட்டும், ஏனெனில் எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் அதற்கு 4.2 என்ற மட்டம் வேண்டும். 720-இல் 50 ஃபிரேம் 3.2 மட்டத்துக்குள் அடங்கும். 576 கோட்டுக் கசெற்றிலிருந்து வந்த படத்துக்கு 720 தாராளம். எந்த ரிவி என்று தெரியாவிட்டால் அதையே போட்டுக் கொடுங்கள்.